மின்தடையும் மின்திறனும் – ஓர் எளிய கணக்கு

வளவனூரில் ஓர் இல்லத்தில் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 4 ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொள்வதாக வைத்துக்கொள்வோம். இவ்விரு எண்களைக் கொண்டே அதன் மின்தடையையும் மின்திறனையும் கணிக்கலாம்.

ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827ஆம் ஆண்டு தம் நூலில் வெளியிட்ட விதிப்படி, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும்: 230 ÷ 4 = 57.5 ஓம். இரண்டையும் பெருக்கினால் மின்திறன்: 230 × 4 = 920 வாட். இப்பெருக்கல் வெப்பக் கருவிகளுக்கு முற்றும் பொருந்தும்; மின்விசிறி போன்றவற்றுக்குச் சற்று மாறுபடும்.

இக்கணக்கு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. இல்லத்தைக் காப்பதற்கும் உரியது. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினாலும் மின்திறனே கிடைக்கும். வெப்பம் இவ்வாறு பெருகுவதை 1841இல் ஜேம்ஸ் ஜூல் எடுத்துக்காட்டினார். பிளக் பாயின்ட்டில் திருகு தளர்ந்த இணைப்பொன்றின் தடை 1 ஓம் எனக் கொள்வோம். 4 ஆம்பியர் ஓடுகையில் அங்கே 4 × 4 × 1 = 16 வாட் வெப்பம் தோன்றும். மற்றொரு கருவியையும் அதிலேயே சேர்த்து 8 ஆம்பியர் ஓடவிட்டால் 8 × 8 × 1 = 64 வாட். மின்னோட்டம் இரு மடங்கு. வெப்பமோ நான்கு மடங்கு! ஒரு குண்டு பல்பின் வெப்பம் முழுவதும் ஒரு திருகின் முனையில் குவிந்தால் பிளாஸ்டிக் உருகும், தீயும் பற்றக்கூடும். மின்னோட்டம் அளவு மீறாதவரை ஃபியூஸ் கம்பி அறுந்து நம்மைக் காக்காது. ஆதலின் தளர்ந்த இணைப்பை உடனே சீர்செய்வித்தல் வேண்டும்.

பயிற்சி: 230 வோல்ட்டில் இயங்கும் 1500 வாட் நீர்ச்சூடேற்றியை 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் செருகலாமா?

விடை: 1500 ÷ 230 = 6.5 ஆம்பியர். செருகலாகாது.