கீழே கடை, மேலே வீடு: கட்டும் முன் கவனிக்க வேண்டியவை



நம் வத்தலக்குண்டில் மளிகை, காய்கறி, எண்ணெய், வெற்றிலை என்று எந்த வியாபாரம் செய்பவரானாலும், நாலு காசு சேர்ந்தவுடன் மனதில் வரும் எண்ணம் ஒன்றுதான். வாடகைக் கடையை விட்டு சொந்த இடத்தில் உட்கார வேண்டும். கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிக்கொள்ள வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் கடைக்குச் சரக்கு எடுக்கும்போது பத்து பைசா வித்தியாசத்துக்காகப் பத்துக் கடை விசாரிக்கும் நாம், ஆயுளிலேயே பெரிய கொள்முதலான கட்டட விஷயத்தில் மேஸ்திரியின் வாய்வார்த்தையை நம்பி வானம் தோண்டி விடுகிறோம். அனுமதி, செலவு ஆகிய இரண்டு கணக்குகளையும் கட்டுவதற்கு முன்பே எப்படிப் போடுவது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

மீரட் வணிகர்களுக்கு நேர்ந்தது

முதலில் வடக்கே நடந்த ஒரு விஷயம். உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரம், சாஸ்திரி நகர். அங்கே குடியிருப்புக்கென்று வீட்டு வசதி வாரியம் ஒதுக்கிய ஒரு மனையில் அனுமதியின்றிக் கடைகள் கட்டப்பட்டன. கடைகள் பல்லாண்டுகள் நடந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இடிப்பு உத்தரவை உறுதி செய்தது. இத்தனை வருடம் ஆகிவிட்டது, அதிகாரிகள் அப்போது தடுக்கவில்லை, இவ்வளவு பணம் போட்டிருக்கிறோம் என்ற காரணங்கள் எதுவும் அனுமதியற்ற கட்டடத்தைச் சரியாக்கிவிடாது என்று தீர்ப்பு கூறியது. 2025 அக்டோபரில் அந்த வளாகம் இடிக்கப்பட்டது. 22 கடைகள் போயின.

நம் மாநிலத்திலும் உதாரணம் உண்டு. 2011 அக்டோபர் 31 அன்று சென்னை தியாகராய நகரில் விதிமீறல் காரணமாகப் பல பெரிய கடைகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதிக்கும் வரை சரக்கு உள்ளே, முதலாளி வெளியே என்ற நிலைதான். பெரிய நிறுவனங்கள் இரண்டு மாதப் பூட்டைத் தாங்கிக்கொள்ளும். ஒரு மளிகைக் கடையை இரண்டு மாதம் பூட்டினால், அரிசியிலும் பருப்பிலும் வண்டு விழுவதோடு, வாடிக்கையும் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். ஆகவே கட்டட அனுமதி என்பது நம்மைப் போன்ற சிறு வணிகர்களுக்குத்தான் அதிகம் தேவை.

மனையின் கடுதாசிகள்

அனுமதிக்குப் போகுமுன் மனை சுத்தமாக இருக்க வேண்டும். கீழ்க்கண்டவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

1. கிரயப் பத்திரமும், அதற்கு முந்திய மூலப் பத்திரங்களும்.
2. குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று.
3. நம் பெயரில் பட்டா. பத்திரம் நம் பெயரிலும் பட்டா பழைய உடைமையாளர் பெயரிலும் இருந்தால், முதலில் பட்டா மாறுதல்.
4. புல வரைபடம். பத்திரத்தில் உள்ள அளவும், புல வரைபட அளவும், இடத்தில் டேப் பிடித்து அளந்த அளவும் மூன்றும் ஒத்துவர வேண்டும்.
5. மனைப்பிரிவு அங்கீகார எண், அல்லது வரன்முறைப்படுத்திய உத்தரவு.

ஐந்தாவது விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு, 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் ஏற்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017இல் விதிகள் கொண்டு வந்தது. நஞ்சைக் காட்டை அளந்து கல் நட்டு விற்றவர் போய்விடுவார். வரன்முறைக் கட்டணமும் அலைச்சலும் வாங்கியவர் தலையில்தான் விழும். மனையை இனிமேல்தான் வாங்கப் போகிறவர்கள், அந்த உத்தரவு நகலைக் கண்ணால் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். மலையடிவாரத்தைத் தாண்டி கொடைக்கானல் வட்டத்தில் இடம் வாங்குகிறவர்களுக்கு மலையிடப் பாதுகாப்பு விதிகள் தனியாக உண்டு. சமவெளிக் கணக்கு அங்கே செல்லாது.

வீட்டு அனுமதி வேறு, கடை அனுமதி வேறு

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று ஒரு சட்டம் உண்டு. அதன் கீழ் மாநிலம் முழுவதற்கும் பொதுவான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தன. முன்புறம், பின்புறம், பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம் என்பதெல்லாம் இதில் உள்ளன. சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து 2,400 சதுர அடி வரை. ஆனால் சுற்றிலும் விட வேண்டிய இடத்தையும் விட்டாக வேண்டும்.

2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அல்லது தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டுகிறவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களைப் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைக்கும். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பணி முடிவுச் சான்றும் தேவையில்லை. சாமானிய மக்களுக்கு மிகவும் நல்ல ஏற்பாடு.

வணிகர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். சுயசான்று முறை குடியிருப்புக் கட்டடத்துக்கு மட்டுமே. கீழே கடை வைக்கப் போகிறவருக்கு இது பொருந்தாது. "வீடு என்று போட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு ஷட்டர் போட்டுக்கொள்ளலாம்" என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சுயசான்று என்றால், எழுதிக் கொடுத்தது உண்மை என்று நாமே கையெழுத்திடுகிறோம் என்று அர்த்தம். தவறான தகவல் என்றால் அனுமதி ரத்தாகும். அப்போது யோசனை சொன்னவரை யாரும் கேட்கமாட்டார்கள். கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்பார்கள்.

ஆகவே கடை வரப்போகிறது என்றால் வரைபடத்திலேயே கடை என்று காட்டி, கடையும் வீடும் சேர்ந்த கட்டடமாக விண்ணப்பிக்க வேண்டும். பரப்பளவைப் பொறுத்து பேரூராட்சியோ, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகமோ பரிசீலிக்கும். கட்டணம் கொஞ்சம் கூடும், நாட்களும் கூடும். வாகனம் நிறுத்த இடம் காட்ட வேண்டியிருக்கும். அப்படி இடம் விட்டால் கடையின் அளவு குறைகிறதே என்று வருந்த வேண்டாம். சரக்கு லாரி நிற்க இடம் இல்லாத கடை மெயின் ரோட்டில் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்பது நமக்குத் தெரிந்ததே.

இன்னொரு வழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் முதலில் ஜோசியரிடம் போய் நாள் குறிக்கிறோம். பிறகு அந்த நாளுக்குள் அனுமதி வேண்டும் என்று அவசரப்படுகிறோம். அந்த அவசரத்தில்தான் குறுக்கு வழிகள் பிறக்கின்றன. அனுமதி கைக்கு வந்த பிறகு நாள் குறித்தால், ஆவணி தப்பினாலும் தையில் ஆரம்பித்துக் கொள்ளலாம்.

மின் இணைப்பும் வங்கிக் கடனும்

கடைக்கும் வீட்டுக்கும் மின் இணைப்பு தனித்தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், வீட்டு மீட்டரிலிருந்தே கடைக்கு ஒயர் இழுப்பவர்கள் உண்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி இது அனுமதியற்ற பயன்பாடு. பிடிபட்டால் அதற்குரிய கட்டணத்தை இருமடங்காக, ஒரு வருடம் வரை பின்தேதியிட்டும் கட்ட நேரிடும். மாதம் நூறு இருநூறு மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே பில்லில் போய்விடும்.

வங்கிகள் அனுமதி பெற்ற வரைபடத்தை வைத்துத்தான் கடன் தருகின்றன. வரைபடத்தில் இல்லாத தளத்துக்குக் கடன் கிடைக்காது. வங்கி கைவிட்டால் அடுத்துப் போவது கைமாற்றுக்கும் மீட்டர் வட்டிக்கும்தான். வீடு கட்டி முடியும்போது வட்டி ஒரு மாடி உயரத்துக்கு நிற்கும். உறவினரிடம் வாங்கும் கைமாற்றாக இருந்தாலும், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விதிக்க இடமுண்டு. காசோலையாகவோ வங்கி மூலமாகவோ வாங்குங்கள்.

உண்மையான செலவு எவ்வளவு?

மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலை சொல்வார். உதாரணத்துக்கு 2,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீழே 800, மேலே 800, ஆக 1,600 சதுர அடிக்கு 36,80,000 ரூபாய். இத்துடன் கணக்கு முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்த விலையில் சாதாரணமாகச் சேராதவை இவை:

- வரைபடம், பொறியாளர் கட்டணம், அனுமதிக் கட்டணங்கள், தொழிலாளர் நல நிதி
- போர்வெல், மோட்டார், தரைத்தொட்டி, கழிவுநீர்த் தொட்டி
- மழைநீர் சேகரிப்பு (2003இலிருந்து தமிழகத்தில் கட்டாயம்)
- சுற்றுச்சுவர், கேட், கடை ஷட்டர்
- மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு
- கடையின் அலமாரி, கல்லா மேஜை, பரண்

இவற்றுக்கு 15 சதவீதம், அதாவது 5,52,000 ரூபாய் ஒதுக்குங்கள். விலையேற்றத்துக்கும் எதிர்பாராத செலவுக்கும் 10 சதவீதம், 3,68,000 ரூபாய். மொத்தம் 46 லட்சம். மேஸ்திரி சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் 9,20,000 ரூபாய்.

விலையேற்றம் கற்பனை அல்ல. 2025 ஏப்ரலில் புதிய கனிம வரியும், குவாரி கிரஷர் உரிமையாளர்களின் வேலைநிறுத்தமும் சேர்ந்து எம்.சாண்ட், ஜல்லி விலையை ஏற்றிவிட்டன. பாதி கட்டியவர்கள் திண்டாடினார்கள். சில சமயம் குறையவும் செய்யும்: 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது.

ஜி.எஸ்.டி. பற்றி இன்னொன்று. கடைக்காகத்தானே கட்டுகிறோம், சிமெண்ட், கம்பிக்குக் கட்டிய வரியைக் கடை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சிலர் பில்லைத் தணிக்கையாளரிடம் கொண்டு போகிறார்கள். சொந்த உபயோகத்துக்குக் கட்டும் கடைக் கட்டடத்துக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. வரியையும் சேர்த்தே அடக்கவிலை போட வேண்டும். ஆனாலும் பில் இல்லாமல் வாங்க வேண்டாம்; பிற்காலத்தில் வீடு கட்டப் பணம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு செலவானது என்ற கேள்விக்கு அந்த பில்தான் பதில்.

தராசு நம் கையில்

சரக்கை எடை பார்த்து வாங்குவது நம் தொழில். கம்பிக்கும் அதே முறைதான். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பியின் எடை:

- 8 மி.மீ. — சுமார் 4.74 கிலோ
- 10 மி.மீ. — சுமார் 7.4 கிலோ
- 12 மி.மீ. — சுமார் 10.66 கிலோ
- 16 மி.மீ. — சுமார் 18.96 கிலோ

எடை இதைவிட மிகவும் குறைந்தால் கம்பி மெலிந்தது என்று அர்த்தம். ஜல்லி, எம்.சாண்ட் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரித் தொட்டியின் நீளம், அகலம், சரக்கின் உயரம் மூன்றையும் அளந்து பெருக்கிப் பாருங்கள். சாதாரண வீட்டுக்கு 1,000 சதுர அடிக்குச் சுமார் 400 முதல் 450 மூட்டை சிமெண்டும், மூன்றரை முதல் நான்கு டன் கம்பியும் ஆகும். இதற்கு வெகுதூரம் மேலே போனால் பொறியாளரிடம் காரணம் கேளுங்கள்.

மேஸ்திரியிடம் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். வேலைக்கு முன்னால் பணம் ஓடக்கூடாது.

கடை முதலைத் தொடாதீர்கள்

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியம். மேலே சொன்ன அந்த 9 லட்சத்து 20 ஆயிரம் எங்கிருந்து வருகிறது? கணக்கில் வைக்காதவர்களுக்குக் கல்லாவிலிருந்துதான் வருகிறது. நம் மொத்தக் கடைகளில் இதைக் கண்கூடாகப் பார்க்கிறோம். ரொக்கத்துக்குச் சரக்கு எடுத்தவர், வீடு கட்டத் தொடங்கிய நாலாம் மாதம் ஒரு வாரக் கடன் கேட்பார். பிறகு அது ஒரு மாதமாகும். ரொக்கத்துக்குக் கிடைத்த தள்ளுபடி போகும். பத்து மூட்டை எடுத்தவர் இரண்டு மூட்டை எடுப்பார். அலமாரியில் இடைவெளி தெரிய ஆரம்பித்தால், கேட்ட சாமான் இல்லை என்று வாடிக்கையாளர் திரும்பிப் போவார். பால் காய்ச்சும் நாளில் மேலே வீடு அழகாக இருக்கும். கீழே கடை காலியாக இருக்கும். அந்தக் கடை வருமானத்தை நம்பித்தான் வங்கித் தவணையே இருக்கிறது.

ஆகவே வங்கியில் கட்டடத்துக்கென்று தனிக் கணக்கு, வீட்டில் தனிப் பேரேடு வையுங்கள். கடையின் சரக்கு முதல் இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்து, என்ன ஆனாலும் அதற்குக் கீழே இறங்குவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். பணம் போதவில்லை என்றால், முழுக் கட்டடத்துக்கும் அனுமதி வாங்கி, அஸ்திவாரத்தை இரண்டு தளத்துக்கும் சேர்த்துப் போட்டு, கீழ்த்தளத்தை மட்டும் முதலில் கட்டுங்கள். அனுமதிக் காலத்துக்குள் மேல்தளத்தை முடித்துக்கொள்ளலாம். காலம் போதாது என்று தோன்றினால் முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டு அதற்கு வேண்டியதைச் செய்துகொள்ளுங்கள்.

வருகிற முகூர்த்தத்தில் கட்ட நினைக்கும் உறுப்பினர்கள், பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம், மனை அங்கீகாரம் ஆகிய ஐந்தையும் எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை இப்போதே போய்ப் பாருங்கள். அவரிடம் கடை வைக்கப் போவதை மறைக்காமல் சொல்லுங்கள்.