தண்ணீர் போன திசை

அன்புள்ள மருமகளுக்கு,

டிசம்பர் விடுமுறைக்குக் கட்ச் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பார்க்க வேண்டிய இடங்களுக்கு என்னிடம் பட்டியல் கேட்டாயாம். பட்டியல் தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு கேள்வி தருகிறேன். அங்கே எங்கு நின்றாலும், ‘முன்பு தண்ணீர் எதுவரை வந்தது, இப்போது எங்கே இருக்கிறது?’ என்று கேட்டுப் பார்.

முதலில் லக்பத். புஜ் நகரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 135 கி.மீ. எல்லைப் பாதுகாப்புப் படை காவலிருக்கும் கடைக்கோடி ஊர். சுமார் 7 கி.மீ. சுற்றளவுள்ள மதிலுக்குள் இன்று இருப்பது கொஞ்சம் குடும்பங்கள்தான். 1801-இல் ஜமாதார் ஃபதே முகமது இவ்வளவு பெரிய மதிலை எதைக் காக்க எழுப்பினார்? துறைமுகத்தை. சிந்து நதியின் கிளையொன்று அந்நாளில் கோரிக் கழி வழியே கடலுக்குப் போனது. ஒரு நாளில் லட்சம் காசு புரண்டதால்தான் லக்பத் என்று பெயர் வந்தது என்பது ஊர்ப் பேச்சு.

ஆனால் தண்ணீருக்கு வினை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1762-இல் சிந்துக்கும் கட்சுக்கும் நடந்த ஜாரா போர் முடிந்த பின், சிந்து அரசர் குலாம் ஷா கல்ஹோரா நதிக்குக் குறுக்கே கரை போட்டார். கட்சின் நெல்வயல்கள் காய்ந்தன. பிறகு, 1819 ஜூன் 16 அன்று பெரும் நிலநடுக்கம். சிந்த்ரி கோட்டை நீரில் மூழ்கியது. அதற்கு வடக்கே 80 கி.மீ.க்கு மேல் நிலம் வரப்புபோல எழும்பியது. சில இடங்களில் 6 மீட்டர் உயரம். மனிதர் போட்ட கரைகளிலிருந்து பிரித்துச் சொல்ல, மக்கள் அதற்கு ‘அல்லா பந்த்’, அதாவது கடவுள் போட்ட கரை, என்று பெயர் வைத்தார்கள். நதி ஒதுங்கியது, வணிகமும் அதன் பின்னாலேயே போய்விட்டது.

மதில்மேல் ஏறிப் பார். கல் இன்னும் நிற்கிறது. ஒரு பக்கம் இடிந்த வீடுகள், மறுபக்கம் கழியும் சேறும். குருநானக் தங்கியதாக நம்பப்படும் குருத்வாரா உள்ளே இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு வா.

அடுத்து சாரி தந்த். சாரி என்றால் உவர், தந்த் என்றால் ஆழமில்லாத நீர்நிலை. பன்னி புல்வெளியின் ஓரத்தில் 227 ச.கி.மீ. பரப்பு, 2008 முதல் காப்பகம். மழை பெய்த ஆண்டில் ஏரி, பொய்த்த ஆண்டில் வெடித்த களிமண். நீர் இருந்தால் சாயங்காலம் போ. வட நாடுகளிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் சாம்பல் நிறக் கொக்குகள் மேய்ச்சல் முடிந்து வரிசை வரிசையாக அடைய வரும். உருவம் தெரியும் முன்பே சத்தம் கேட்கும்.

பூநாரைகளையும் பார்ப்பாய். அவை கூடு கட்டுவது எல்லைக்கருகே, பெரிய ரான் என்னும் உப்புச் சதுப்பு நிலத்தின் உள்ளே. அங்கே நீ போக முடியாது. 1945-இல் பறவையியலாளர் சாலிம் அலி போய், ஐந்து லட்சம் பறவைகள் இருக்கலாம் என்று கணித்த இடம் அது. சேற்றைக் குவித்துச் சிறு மேடாக்கி, உச்சியில் ஒரு குழி, அதில் ஒரே ஒரு முட்டை. சுற்றி நிற்கும் முழங்கால் தண்ணீர்தான் நரிக்கு அகழி. தண்ணீர் சீக்கிரம் வற்றினால் முட்டையை விட்டுவிட்டுப் பறவை கிளம்பிவிடும். லக்பத் வணிகர்கள் செய்ததும் அதுதானே?

அடையாள அட்டையை மறக்காதே. காவலர்களைக் கேட்காமல் படம் எடுக்காதே. ஈரச் சேற்றில் வண்டியை இறக்காதே. மேலே உப்பு காய்ந்திருக்கும், கீழே புதையும்.

திரும்பி வந்ததும் எத்தனை பறவை பார்த்தாய் என்று கேட்க மாட்டேன். பன்னியில் எருமை மேய்க்கும் மால்தாரிகளிடம் இந்த வருஷம் மழை எப்படி என்று விசாரித்தாயா என்றுதான் கேட்பேன்.

அன்புடன்,
மாமா