சேதனச் சூரியக் கலங்களும் இடைமுகப் படைகளும்



"சூரியக் கலத்தில் ஒளி பட்டதும் மின் உண்டாகும்." இந்த ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடும் விடைத்தாள்கள் பலவற்றைத் திருத்தியிருக்கிறேன். வரியில் பிழை இல்லை. ஆனால் விடை பாதியில் நிற்கிறது. கலத்தினுள் உண்டான ஏற்றங்கள் வெளியே வந்து சுற்றினூடாகப் பாய்ந்தால்தான் மின்குமிழ் ஒளிரும். அவை வெளியே வரும் வழியைப் பற்றியதே இப்பாடம். நான் கலைப் பட்டதாரி. இதனை அடியிலிருந்து படித்தே விளங்கிக்கொண்டேன். ஆகவே புதிய சொற்களைக் கண்டு நீங்களும் பயப்பட வேண்டாம்.

1. சேதனச் சூரியக் கலம் என்றால் என்ன?

வீட்டுக் கூரைகளில் காணும் சோலர் பனல்கள் பெரும்பாலும் சிலிக்கனால் ஆனவை. சேதனச் சூரியக் கலத்தில் ஒளியை உறிஞ்சுபவை காபன் சேர்வைகள் ஆகும். இவற்றைக் கரைசலாக்கி, மெல்லிய பிளாத்திக்குத் தாளின் மீதும் பூசலாம். பாரம் குறைவு, வளைக்கவும் முடியும்.

1986 இல் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங் என்பவர் இரு சேதனப் படைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஏறத்தாழ 1% வினைத்திறனைப் பெற்றார். இன்று ஆய்வுகூடக் கலங்கள் 19% ஐத் தாண்டியுள்ளன. இம்முன்னேற்றத்திற்குப் புதிய காபன் சேர்வைகள் ஒரு காரணம், இடைமுகப் படைகள் மற்றொரு காரணம்.

2. கலத்தினுள் நடைபெறுவது

கலத்தின் நடுவில் இலத்திரனை வழங்கும் சேர்வை ஒன்றும், அதனை வாங்கும் சேர்வை ஒன்றும் கலந்திருக்கும். இதுவே ஒளியை உறிஞ்சும் படை.

(அ) ஒளி உறிஞ்சப்பட்டதும் இலத்திரன்–துளைச் சோடி உண்டாகும். (இலத்திரன் விட்டுச்சென்ற வெற்றிடமே துளை. அது நேரேற்றம் போல நடந்துகொள்ளும்.)
(ஆ) சோடி நகர்ந்து வழங்கியும் வாங்கியும் தொடும் எல்லையை அடையும். இது செல்லக்கூடிய தூரம் ஏறத்தாழ 10 நனோமீற்றர் மட்டுமே.
(இ) எல்லையில் சோடி பிரியும்.
(ஈ) இலத்திரன் மறை மின்வாயையும் துளை நேர் மின்வாயையும் நோக்கிச் செல்லும்.

3. இழப்பு ஏற்படும் இடம்

நமது ரியூற்றரியை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் ஆண்பிள்ளைகள் ஒரு வாசலாலும் பெண்பிள்ளைகள் மற்ற வாசலாலும் போக வேண்டும். வாசலில் ஒருவரும் நிற்காவிட்டால் இரு பக்கத்தாரும் ஒரே வாசலில் முட்டுப்படுவர். வாசற்படி உயரமாக இருந்தால் நெரிசல் இன்னும் கூடும்.

கலத்திலும் இதே நிலைதான். இலத்திரனும் துளையும் ஒரே மின்வாய்க்கு வந்தால் மீளச் சேர்ந்து மறைந்துவிடும். உறிஞ்சிய ஒளிச்சக்தி வெப்பமாக வீணாகும். மின்வாயினதும் சேதனப் பொருளினதும் சக்தி மட்டங்கள் பொருந்தாவிட்டால் எல்லையில் ஒரு தடை உண்டாகும். அதுவே உயரமான வாசற்படி.

4. இடைமுகப் படையின் தொழில்கள்

சேதனப் படைக்கும் மின்வாய்க்கும் இடையே பூசப்படும் மிக மெல்லிய படை இடைமுகப் படை எனப்படும்.

• சக்தி மட்டங்களைப் பொருத்தித் தடையைக் குறைக்கும்.
• ஒரு வகை ஏற்றத்தை விட்டு மற்றதைத் தடுக்கும்.
• மின்வாயின் மேற்பரப்பைச் சீராக்கும்.

மறை மின்வாய்ப் பக்கத்தில் நாக ஒட்சைட்டு, இலித்தியம் புளோரைட்டு போன்றவையும், நேர் மின்வாய்ப் பக்கத்தில் மொலிப்டினம் ஒட்சைட்டு, 'பெடொட்' எனும் கடத்தும் பல்பகுதியம் போன்றவையும் பயன்படுகின்றன.

கவனிக்க: படை தடித்தால் நன்மை கூடும் என்று எழுத வேண்டாம். இலித்தியம் புளோரைட்டு ஒரு காவலி. ஏறத்தாழ 1 நனோமீற்றர் அளவில் உதவும் அது, தடித்துவிட்டால் மின்னோட்டத்தையே மறிக்கும். பெடொட் படைக்கும் ஒரு குறை உண்டு. அதன் அமிலத்தன்மை மின்வாயை அரிப்பதால் கலத்தின் ஆயுள் குறையும்.

5. ஓர் உதாரணம்

2012 இல் சீனாவின் குவாங்சோ நகரிலுள்ள தென் சீனத் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒளிபுகவிடும் மின்வாயின் மீது 'பி.எவ்.என்.' எனும் பல்பகுதியத்தை மெல்லிய படையாகப் பூசினர். அப்படை அம்மின்வாயை இலத்திரன்களைச் சேகரிக்க ஏற்றதாக மாற்றியது. கலத்தின் வினைத்திறன் 9.2% ஆனது. அக்காலத்தில் இது சிறந்த பெறுபேறு ஆகும். பி.எவ்.என். அற்ககோலில் கரையும். மேலே பூசும் சேதனப் படையின் கரைப்பான் அதைக் கழுவிச் செல்லாது. ஒரு படையின் கரைப்பான் கீழுள்ள படையைக் கரைக்கக் கூடாது என்பது இங்கு முக்கியமானது.

6. கணக்கு

ஒரு கலத்தின் மீது 100 மில்லிவாற்று ஒளிவலு படுகிறது எனக் கொள்க.

இடைமுகப் படை இன்றி: 0.50 வோற்று, 12 மில்லியம்பியர்
வலு = 0.50 × 12 = 6 மில்லிவாற்று; வினைத்திறன் 6%

இடைமுகப் படையுடன்: 0.60 வோற்று, 14 மில்லியம்பியர்
வலு = 0.60 × 14 = 8.4 மில்லிவாற்று, வினைத்திறன் 8.4%

வினைத்திறன் 6 இலிருந்து 8.4 ஆக உயர்ந்தது. ஆனால் கிடைக்கும் வலு 2.4/6 × 100 = 40% ஆல் கூடியுள்ளது. பலர் புள்ளி இழப்பது இவ்விடத்தில்தான். வினா எதைக் கேட்கிறது என்பதை இருமுறை வாசியுங்கள். இரு கலங்களிலும் ஒளியை உறிஞ்சும் பொருள் ஒன்றே என்பதையும் கவனியுங்கள். மாறியது வாசல் மட்டுமே.

7. பயிற்சி

(1) இலத்திரனும் துளையும் மீளச் சேர்வதால் வினைத்திறன் குறைவது ஏன்?
(2) இடைமுகப் படை மிக மெல்லியதாக இருக்க வேண்டியது ஏன்?
(3) ஒரு கலத்தின் வினைத்திறன் 5% இலிருந்து 7% ஆக உயர்ந்தது. வலு எத்தனை சதவீதத்தால் கூடியது?

விடைக் குறிப்பு: (1) ஏற்றங்கள் சுற்றை அடையாமல் சக்தி வெப்பமாக வீணாகும். (2) தடித்தால் தடை கூடி மின்னோட்டம் குறையும். (3) 40%.

விடையைப் பார்க்குமுன் ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள். பரீட்சை மண்டபத்தில் கைகொடுப்பது அதுதான்.