சட்டமும் விதியும்

சாரற்காலத்தில் தென்காசியினின்று குற்றாலஞ் செல்வோர் இதனைக் கண்டிருப்பர். பேரருவியின் வளைவைக் கடந்து வெள்ளம் பாயுமாயின் காவலர் குளிப்போரை விலக்குவர். சென்ற பருவத்தில் யாமும் தோளில் துண்டுடன் நெடுநேரம் நின்று, குளியாமலே திரும்பினோம். வருத்தமுண்டு; குறைகூற இடமில்லை, வெள்ளம் கண்முன் நின்றமையால். வெள்ளங்கண்டு தடுக்க அதிகாரம் பெற்றோர், வெள்ளம் வருமெனத் தம் மனத்திற்குத் தோன்றினாலே தடுக்கலாமெனத் தாமே விதி வகுத்துக்கொண்டால் யாது செய்வது? இத்தகைய வினா ஒருகால் இந்தியா முழுமைக்கும் எழுந்தது.

உலகப்போர் தொடங்கிய 1939-ஆம் ஆண்டில் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எவ்வெப் பொருள்பற்றி விதி வகுக்கலாமெனச் சட்டம் வரையறுத்து, வகுக்கும் பொறுப்பை மத்திய சர்க்காரிடம் விட்டது. போர்க்காலத்தில் வேறு வழியில்லை. சட்டசபை கூடும் நாள் பார்த்துப் பகைவர் வாரார். ஆயினும் சட்டம் நூலெனின் விதி அதன் உரை. நூலில் இல்லாப் பொருளை உரைகாரர் ஏற்றிக் கூறலாகாது. கேடு விளைப்போரென நியாயமாகச் சந்தேகிக்கப்படுவோரைக் காவலில் வைக்க விதி செய்யலாம் என்றது சட்டம். அதன் வழிப்பிறந்த 26-ஆம் விதியோ, காவல் வேண்டுமெனச் சர்க்கார் திருப்தியுற்றாற் போதும் என்றது. ‘நியாயமாக’ என்ற சொல் இடையில் மறைந்தது. (விதி என்பதற்கு ஊழ் என்றும் பொருளுண்டு, அந்நாளில் விசாரணையின்றிச் சிறைபுகுந்தோர்க்கு இருபொருளும் ஒன்றே.)

கேசவ் தல்பாடே என்பவரின் வழக்கில், பிரதம நீதிபதி ஸர் மாரிஸ் குவையர் தலைமையில் பெடரல் கோர்ட்டார், அவ்விதி சட்டத்தின் எல்லை கடந்ததென 1943 ஏப்ரல் 22-இல் தீர்ப்பளித்தனர். காவலே கூடாதென அவர்கள் கூறினாரல்லர். ஏப்ரல் 28-இல் கவர்னர் ஜெனரல் அவசரச் சட்டம் பிறப்பித்து, முன்னைய ஆணைகளும் செல்லும் என்றார். உரை பிழையென்றதும் உரைக்கேற்ப மூலத்தைத் திருத்தியவாறு இது!

பின் தீர்ப்பாற் பயனென்னை என்று எம் வகுப்பில் ஒரு நண்பர் வினவினார். பயனில்லையென யாம் கொள்ளோம். விதிக்குள் மறைந்திருந்த அதிகாரம் வெளிவந்து தன் பெயரைச் சொல்ல நேர்ந்தது. அன்றியும், அதே ஆண்டிற் கல்கத்தா ஹைகோர்ட்டார் பிறிதொன்று கண்டனர்: போலீசார் பரிந்துரைத்தவுடன் வழக்கம்போற் காவலாணை இடுக என வங்காள சர்க்காரில் பொதுக்கட்டளை இருந்தது. திருப்தியுற வேண்டியவர் எண்ணிப் பார்த்தலே நிகழவில்லை!

1950-இல் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு, காவலின் காரணத்தை உரியவர்க்கு அறிவிக்க வேண்டுமென்றது. அவ்வாண்டே இயற்றப்பெற்ற தடுப்புக்காவல் சட்டமோ, அக்காரணத்தைக் கோர்ட்டிலும் வெளியிடலாகாதென்றது. சென்னை இராஜ்யச் சிறையிலிருந்த ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில், மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அப்பகுதியை மட்டும் நீக்கிற்று. எஞ்சிய சட்டம் நிலைத்தது. கோபாலனும் சிறையிலேயே இருந்தார்.