லியுப்லியானாவில் வசந்தம்: நிதானமாகத் தங்குவதற்கு ஒரு வழிகாட்டி

ஸ்லோவேனியாவின் தலைநகரான லியுப்லியானாவில் ஏறத்தாழ 3 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். அதன் பழைய நகரப் பகுதியை அரை மணி நேரத்திற்குள் நடந்தே கடந்துவிடலாம் என்பதால், பெரும்பாலான பயணத் திட்டங்கள் இந்நகருக்கு ஒரே ஒரு பகலை ஒதுக்கிவிட்டு, மறுநாளே பயணியை வெனிசுக்கோ வியன்னாவுக்கோ அனுப்பிவிடுகின்றன. பார்க்க வேண்டிய இடங்களை மட்டும் எண்ணினால் அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் எல்லா இடங்களும் நடக்கும் தொலைவிலேயே இருக்கும் ஊரில், எங்கே போவது என்பதைக் காட்டிலும் எந்தக் கிழமையில், எந்த வானிலையில் போவது என்பதே முக்கியமாகிறது. ஐந்தாறு இரவுகள் தங்கும் பயணத்தை அந்த அடிப்படையில் அமைத்துக்கொள்ளும் முறை கீழே படிப்படியாகத் தரப்படுகிறது.

1. காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஏப்ரல் நடுப்பகுதி முதல் மே இறுதி வரையிலான காலம் ஏற்றது. ஏப்ரலில் பகல் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸை ஒட்டியும், மே மாதத்தில் 20 டிகிரியை ஒட்டியும் இருக்கும்; இரவில் நன்றாகவே குளிரும். ஆல்ப்ஸ் மலைத்தொடர் அருகிலிருப்பதால் மழை எந்த நாளிலும் வரக்கூடும். எனவே ஒரே கனத்த கோட்டை நம்புவதைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து தேவைக்கேற்பக் கழற்றக்கூடிய உடைகளும், நீர் புகாத மேலங்கியும் உதவும். ஏப்ரல் 27, மே 1, மே 2 ஆகியவை நாடு தழுவிய விடுமுறைகள். இவற்றுள் முதலாவது, இரண்டாம் உலகப் போரின்போது ஆக்கிரமிப்புக்கு எதிராகத் தோன்றிய எழுச்சியை நினைவுகூரும் நாள். இந்த வாரத்தில் உள்நாட்டவரும் பயணம் செய்வார்கள் என்பதால், அறைகளை முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும்.

2. விசாவும் வழியும்

ஸ்லோவேனியா 2007 முதல் ஷெங்கன் பகுதியில், அதாவது உள் எல்லைகளில் கடவுச்சீட்டுச் சோதனையைக் கைவிட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பில், இருந்துவருகிறது. யூரோ நாணயமும் அதே ஆண்டில் புழக்கத்திற்கு வந்தது. இந்தியக் குடிமக்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்க இயலாது. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பல நாடுகளுக்குச் செல்வோர், எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் இடையில் ஓரிடத்தில் மாற வேண்டியிருக்கும். விமான நிலையம் நகருக்கு வெளியே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது; அங்கிருந்து நகருக்குப் பேருந்து உண்டு.

3. தங்குமிடம்

நகரின் மையப்பகுதி 2007 முதல் படிப்படியாக மோட்டார் வாகனங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. எனவே கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் அறை எடுப்போர், டாக்சி வாசல்வரை வராது என்பதை எதிர்பார்த்து, கடைசிச் சில நூறு மீட்டர் தூரம் பெட்டியை இழுத்துச் செல்லும் வழியை விடுதியினரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஆற்றோர உணவகங்களில் வார இறுதி இரவுகளில் கூட்டமும் பேச்சும் நெடுநேரம் நீடிக்கும். அமைதியை விரும்புவோருக்கு, மையத்திலிருந்து 15 நிமிட நடையில் இருக்கும் த்ரனோவோ பகுதி பொருந்தும். சைவ உணவினர் அடுப்பு வசதியுள்ள குடியிருப்பை எடுத்துக்கொண்டால், சந்தைக்குப் போவதற்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

4. முதல் நாள்: ஒரு கட்டடக் கலைஞரைத் தொடர்ந்து நடத்தல்

இந்நகரின் இன்றைய தோற்றத்தில் யோஷே பிளெச்னிக் (1872–1957) என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணம் எங்கும் தெரிகிறது. இங்குள்ள அவருடைய படைப்புகள் 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. முதல் நாள் நடையை மும்மைப் பாலத்தில் தொடங்கலாம். 1842இல் கட்டப்பட்ட பழைய கற்பாலம் போக்குவரத்துக்குப் போதாமல் போனபோது, அதை இடிக்காமல் இருபுறமும் நடப்பவர்களுக்கென ஒவ்வொரு சிறு பாலத்தை அவர் சேர்த்தார். அந்தப் பணி 1932இல் முடிந்தது. அங்கிருந்து ஆற்றோரத் தூண் வரிசையுடன் கூடிய சந்தையைப் பார்த்துவிட்டுத் தென்மேற்கே திரும்பினால், 1941இல் கட்டி முடிக்கப்பட்ட தேசிய, பல்கலைக்கழக நூலகம் வரும். செங்கல்லும் கரடுமுரடான கல்லும் கலந்த அதன் சுவரை ரசித்தபின், கதவின் உலோகக் கைப்பிடியையும் கவனிக்க வேண்டும்: அது குதிரைத் தலை வடிவில் வார்க்கப்பட்டிருக்கிறது. உள்ளே கருநிறத் தூண்களுக்கு நடுவே ஏறும் மங்கலான படிக்கட்டு, வெளிச்சம் நிறைந்த வாசக அறையை நோக்கிச் செல்கிறது. நடையை த்ரனோவோவின் படித்துறையில் முடிக்கலாம். வில்லோ மரங்கள் நிற்கும் அந்தக் கற்படிகளையும் வடிவமைத்தவர் பிளெச்னிக்தான்.

5. கிழமைக்கேற்பத் திட்டமிடுதல்

வெள்ளிக்கிழமை: மார்ச் நடுப்பகுதி முதல் அக்டோபர் வரை, மழையில்லாத வெள்ளிக்கிழமைகளில், சந்தையை ஒட்டிய சதுக்கத்தில் ‘ஒட்பர்ட்டா குஹ்னா’ எனப்படும் திறந்தவெளி உணவுச் சந்தை நடைபெறும். நகரின் பல உணவகங்கள் அங்கேயே சமைத்து, சிறு தட்டுகளில் விற்கும். மதிய நெரிசலுக்கு முன்பே போய்விடுவது வசதி.

சனிக்கிழமை: காய்கறிச் சந்தை காலையில்தான் களைகட்டும். ‘ரெக்ராட்’ எனப்படும் இளம் சீமைக் காட்டுமுள்ளங்கிக் கீரை, காட்டுப்பூண்டின் அகன்ற இலைகள், தண்ணீர்விட்டான் குடும்பத்தைச் சேர்ந்த அஸ்பாராகஸ் தண்டுகள் ஆகியவை வசந்தத்திற்கே உரியவை. ரெக்ராட் கீரையை வெந்த உருளைக்கிழங்குடன் கலந்து உண்பது உள்ளூர் வழக்கம். மறுநாளைக்குத் தேவையானவற்றையும் அன்றே வாங்கிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை: 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கோட்டைக் குன்றுக்கும் டிவோலி பூங்காவுக்கும் இந்நாள் ஏற்றது. குன்றின்மேல் கால் மணி நேரத்தில் நடந்தே ஏறலாம். இயலாதோருக்கு இழுவை ரயில் உண்டு.

திங்கட்கிழமை: அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் விடுமுறை என்பதால், ‘நினைவு, தோழமைப் பாதை’யில் நடக்கலாம். 1942 பிப்ரவரியில் இத்தாலியப் படைகள் நகரைச் சுற்றி முள்வேலி அமைத்தன. 1945 மே 9 வரை நகரம் அந்த வேலிக்குள் அடைபட்டிருந்தது. வேலி சென்ற தடத்தில் இன்று முப்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சரளைக்கல் நடைபாதை, இருபுறமும் மரங்களுடன் அமைந்திருக்கிறது. ஒரு பகுதியை மட்டும் நடந்துவிட்டு, நகரப் பேருந்தில் திரும்பிவிடலாம்.

6. மழை நாளுக்கென ஒன்றை ஒதுக்கி வைத்தல்

நகர அருங்காட்சியகத்தை முன்கூட்டியே பார்த்துவிடாமல் மழைக்கென விட்டுவைப்பது நல்லது. நகருக்குத் தெற்கே உள்ள சதுப்பு நிலத்தில் 2002இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,200 ஆண்டுகள் பழமையான மரச்சக்கரம் அங்கே இருக்கிறது. அச்சுடன் கிடைத்த மரச்சக்கரங்களுள் இதுவே அறியப்பட்டவற்றில் மிகப் பழையது. சக்கரத்தின் நடுத்துளை சதுரமாக இருப்பதைக் கவனித்தால், அச்சும் சக்கரமும் ஒன்றாகச் சேர்ந்தே சுழன்றன என்பது விளங்கும்.

7. உணவு

சைவ உணவினர் ‘பிரெஸ் மெசா’, அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேட்பதோடு நிறுத்தாமல், சூப் எதைக் கொதிக்கவைத்த நீரில் ஆனது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பீன்ஸும் புளித்த முட்டைக்கோசும் சேர்ந்த ‘யோட்டா’ குழம்பில் புகையூட்டிய பன்றி இறைச்சி பெரும்பாலும் இருக்கும். பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டி வேகவைத்த ‘ஷ்த்ருக்லி’ பெரும்பாலோருக்குப் பிடிக்கும். அதில் முட்டை சேர்வதுண்டு. குடிநீர் பாட்டில் வாங்கத் தேவையில்லை: குழாய் நீர் குடிக்கத் தக்கது, குடிநீருக்கான உரிமையை 2016இல் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாடு இது.

8. ஒரே ஒரு வெளிப்பயணம்

நாள்தோறும் ஓர் ஊர் என்று திட்டமிட்டால் நிதானமாகத் தங்குவதற்கே பொருளில்லாமல் போய்விடும்; வெளிப்பயணம் ஒன்று போதும். பிளெட் ஏரிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகும். ஏரியைச் சுற்றிய சுமார் ஆறு கிலோமீட்டர் பாதையை வார நாள் காலையில் நடப்பது, கூட்டத்தைத் தவிர்க்கும் வழி.

இத்தனை நாட்களை ஒதுக்க இயலாதவர்கள், வியாழக்கிழமை மாலை வந்து ஞாயிறு பிற்பகல் புறப்படுமாறு பயணத்தை அமைத்துக்கொள்ளட்டும். உணவுச் சந்தை, காய்கறிச் சந்தை, கடைகள் மூடிய அமைதியான காலைப்பொழுது ஆகிய மூன்றும் அந்த மூன்று இரவுகளுக்குள் அடங்கிவிடும்.