வறட்சியும் குழந்தையின் கஞ்சியும்

ஒரு டம்ளரிலும் ஒரு குடத்திலும் ஒரே சூடுள்ள வெந்நீரை ஊற்றி வையுங்கள். எது முதலில் ஆறும்? டம்ளர் நீர்தான். காரணம் என்ன? 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 ச.செ.மீ.; பருமன் 1 க.செ.மீ. பக்கத்தை 2 செ.மீ. ஆக்கினால் பரப்பு 24, பருமன் 8. ஆகவே ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் உரிய பரப்பு 6இலிருந்து 3 ஆகக் குறைகிறது. பொருள் சிறியதாக ஆக, பருமனோடு ஒப்பிட அதன் பரப்பு மிகும்; வெப்பமும் விரைந்து வெளியேறும்.

பஞ்சத்தில் குழந்தைகள் ஏன் முதலில் வாடுகிறார்கள் என்பதை அறிய இந்தக் கணக்கு உதவும்.

சோமாலியா, 2011

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கோடியிலுள்ள நாடு சோமாலியா. அங்கு 2010இன் இறுதியில் பெய்ய வேண்டிய மழை பொய்த்தது. அடுத்த பருவ மழையும் போதவில்லை. 2011 ஜூலை 20 அன்று ஐக்கிய நாடுகள் சபை அந்நாட்டின் தென்பகுதியில் பஞ்சம் என்று அறிவித்தது. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை அங்கு ஏறத்தாழ 2,60,000 பேர் மாண்டனர் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்!

சிறிய உடல், பெரிய தேவை

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,400 கிலோகலோரி வேண்டும். அதாவது கிலோவுக்கு 40. ஒரு வயதுக் குழந்தைக்கோ கிலோவுக்கு ஏறத்தாழ 80. வெப்ப இழப்பு இதற்கு ஒரு காரணமே. குழந்தை வளர்கிறது, ஓய்விலிருக்கும்போது அது செலவிடும் ஆற்றலில் பாதிக்கும் மேல் மூளைக்கே போகிறது.

அக்குழந்தையின் எடை 10 கிலோ என்று கொள்வோம். அதற்குத் தேவை 800 கிலோகலோரி. வீட்டில் மாவு குறையும்போது தாய் என்ன செய்வாள்? கஞ்சியில் தண்ணீரைக் கூட்டுவாள். நீர்த்த கஞ்சியில் மில்லிலிட்டருக்கு 0.4 கிலோகலோரி இருப்பதாகக் கொண்டால், 800ஐப் பெற 2 லிட்டர் கஞ்சி வேண்டும். குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்வது சுமார் 300 மி.லி. அப்படியானால் நாளில் ஏழு வேளை ஊட்ட வேண்டும்! தண்ணீருக்காக நெடுந்தூரம் நடக்கும் தாயால் இது இயலுமா? வயிறு நிறைகிறது; உடலோ பட்டினி கிடக்கிறது.

சந்தையில் நடப்பது

மழை பொய்த்தால் விளைச்சல் மட்டுமா குறைகிறது? வயலில் வேலை இல்லை, கூலி இல்லை. மேய்ச்சல் நிலம் காய்வதால் ஆடுமாடுகளின் பால் வற்றுகிறது. எல்லாரும் மெலிந்த ஆடுகளை ஒரே நேரத்தில் விற்க வருவதால் ஆட்டின் விலை சரிகிறது. சோளத்தின் விலையோ ஏறுகிறது. ஆட்டின் விலை பாதியாகி, சோளத்தின் விலை இரு மடங்கானால், ஓர் ஆட்டுக்குக் கிடைக்கும் சோளம் கால்பங்குதான். சந்தையில் தானியம் இருந்தாலும் அதை வாங்கும் வலு ஏழைக்கு இல்லை. சோமாலியாவில் உள்நாட்டுப் போரும் சேர்ந்து, உதவிப் பொருள்கள் பல ஊர்களுக்குப் போய்ச் சேராமல் தடுத்தது. வறட்சி இயற்கையால் வரலாம். அதைப் பஞ்சமாக்குவதில் மனிதருக்கும் பங்குண்டு.

ஒரு நாடா, ஒரு பொட்டலம்

ஆபத்தை எளிதில் அறிய ஒரு நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை அளக்கிறார்கள். 12.5 செ.மீ.க்குக் குறைந்தால் மஞ்சள், 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் சிவப்பு, அதாவது உடனே சிகிச்சை வேண்டும்.

அச்சிகிச்சைக்கென 1990களில் உருவானது ஒரு நிலக்கடலைப் பசை. அதில் பால் பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாது உப்புகள் ஆகியன சேர்ந்துள்ளன. 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கிலோகலோரி! அதே ஆற்றலை அந்த நீர்த்த கஞ்சியிலிருந்து பெற 1,250 மி.லி. குடிக்க வேண்டும். பசையில் நீர் கலக்க வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். நீர் மிகக் குறைவாதலால் கிருமிகள் அதில் எளிதில் பெருகுவதில்லை.

ஆனால் பொட்டலம் காலத்தே சென்று சேர வேண்டும். பஞ்சம் என்று அறிவிக்க மூன்று அளவுகோல்கள் பார்க்கப்பட்டன: ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவு அறவே போதாமை, குழந்தைகளில் 30 விழுக்காட்டுக்கு மேல் கடும் ஊட்டக்குறைவு, நாள்தோறும் 10,000 பேருக்கு இருவர் இறப்பு. மூன்றாவது அளவுகோலைக் கவனியுங்கள். அறிவிப்பு வருமுன்பே இறப்புகள் நிகழ்ந்துவிடுகின்றன! ஆட்டின் விலை சரியும்போதே, நாடாவில் மஞ்சள் தெரியும்போதே உதவி புறப்பட வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நீங்களே கணக்கிடுங்கள்: 8 கிலோ குழந்தை ஒன்று, அதன் இரைப்பை கொள்வது 240 மி.லி. கஞ்சியின் செறிவை மில்லிலிட்டருக்கு 0.8 கிலோகலோரியாக உயர்த்தினால் நாளுக்கு எத்தனை வேளை ஊட்ட வேண்டும்? கஞ்சி அப்படிக் கெட்டியாக, அவ்வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?