பிளேடை முகத்தோடு வைத்துப் பார்

அன்புள்ள தம்பி,

வேலப்பன்சாவடியில் மயக்கவியல் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாய். ஏ.சி.எஸ். மருத்துவக் கல்லூரியும் சவீதா பல் மருத்துவக் கல்லூரியும் உள்ள ஊர். பைபாஸ் விபத்தில் கழுத்துக்குக் காலர் மாட்டி வருபவர், பாக்கு போட்டு வாய் இறுகியவர், பச்சைக் குழந்தை எல்லோரையும் பார்ப்பாய். மூச்சுக்குழாயில் டியூப் போட எந்த அளவு லாரிங்கோஸ்கோப் பிளேடை எடுப்பது என்று கேட்டிருந்தாய்.

'பெண்ணுக்கு 3, ஆணுக்கு 4' என்று சொல்லித் தந்திருப்பார்கள். தொடங்குவதற்கு அது சரி. ஆனால் நீ பார்க்க வேண்டியது முன்பல்லிலிருந்து தொண்டை வரையுள்ள தூரத்தை.

1943-இல் ராபர்ட் மெக்கின்டாஷ் வெளியிட்ட வளைந்த பிளேடின் நுனி, நாக்கின் அடிக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். அங்கிருந்து தூக்கினால் மூடி தானே எழும். பிளேடு குட்டையென்றால் நுனி எட்டாது, மூடி தொங்கியே கிடக்கும். உன் கை பிளேடை மேல்பல்லில் முட்டுக்கொடுத்து நெம்பும், பல் போகும். நீளமானதை முழுக்கத் தள்ளினால் குரல்வளையைத் தாண்டி உணவுக்குழாய்ப் பக்கம் போய்விடும். ஆனால் நீளமானதைப் பாதியில் நிறுத்தலாம். குட்டையை நீட்ட முடியாது. பெரியவர்களிடம் சந்தேகம் வந்தால் நீளத்தின் பக்கமே சாய்.

குழந்தையிடம் இந்தக் கணக்கு செல்லாது. வாய் சிறிது, நாக்கு பெரிது, குரல்வளை மேலே, மூடி நீண்டு தொளதொளவென்றிருக்கும். 1941-இல் ராபர்ட் மில்லர் கொண்டுவந்த நேர் பிளேடு மூடியையே ஏந்தித் தூக்கும். குறைமாதக் குழந்தைக்கு 0, நிறைமாதத்துக்கு 1. சற்று வளர்ந்த பிள்ளையென்றால் பிளேடைக் கன்னத்தோரம் பிடித்துப் பார். முன்பல்லிலிருந்து அளந்தால், நுனி தாடைக் கோணத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பின்னாக நிற்க வேண்டும்.

இரண்டு விரல் நுழையாத பாக்கு வாய்க்கு அளவு தேடி நிற்காதே. விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்பில் டியூப் போட மூத்தவரைக் கூப்பிடு. வாய் திறக்காது என்பது மயக்கம் கொடுத்த பிறகு கண்டுபிடிக்கிற விஷயமல்ல.

பெரியவர்களுக்கு டியூப் போட மூன்று முயற்சிக்கு மேல் கூடாது என்கிறது கடினச் சுவாசப்பாதைக்கான அகில இந்தியச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல். ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் லாரிங்கோஸ்கோப்பை எடுத்துவிட்டு மாஸ்க்கைப் பிடி. மறுமுறை போடும்போது தலை வைத்திருக்கும் நிலையையோ பிளேடையோ மாற்று. அதே கையோடு அதையே திரும்பச் செய்யாதே. அதற்காகத்தான் அடுத்த அளவை, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, முன்கூட்டியே தலைமாட்டில் வைக்கச் சொல்கிறேன்.

'ஏன் இந்த அளவு?' என்று யாராவது கேட்டால், புத்தகத்தைச் சொல்லாமல் நோயாளியின் முகத்தைக் காட்டிப் பதில் சொல்.

அன்புடன்,
அண்ணன்